கையில் எடுத்துக் கற்கும் அறிவியல்: நடுநிலை வகுப்பு ஆசிரியருக்கு முழுமையான வழிகாட்டி

மின்சுற்றுப் பாடத்தை நடத்தி முடித்த ஒரு வகுப்பில் இதைச் செய்து பாருங்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு 1.5 வோல்ட் மின்கலம், ஒரு டார்ச் பல்பு, இரண்டு முனையிலும் உறை நீக்கிய ஒரே ஒரு கம்பி. "பல்பை எரிய வையுங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தள்ளி நில்லுங்கள். தேர்வில் மின்சுற்றுப் படத்தை அழகாக வரைந்த பிள்ளைகளே திணறுவார்கள். பலர் கம்பியின் ஒரு முனையை மின்கலத்தின் தலையிலும் மறுமுனையைப் பல்பின் அடியிலும் வைத்துவிட்டு, எரியவில்லையே என்று பல்பைக் குலுக்குவார்கள். குழாயில் தண்ணீர் வருவதுபோல மின்சாரம் ஒரு வழியாக வந்து பல்புக்குள் இறங்கிவிடும் என்ற எண்ணம் அவர்கள் மனதில் அப்படியே இருக்கிறது. நாம் நடத்திய பாடம் அதன்மேல் படவே இல்லை.

சில நிமிடங்களில் யாரோ ஒருவர் பல்பின் அடியை மின்கலத்தின் மேல் நிறுத்தி, கம்பியின் ஒரு முனையை மின்கலத்தின் அடியிலும் மறுமுனையைப் பல்பின் பக்கவாட்டு மரையிலும் தொடுவார். பல்பு எரியும். பக்கத்து பெஞ்சு எட்டிப் பார்க்கும். பல்புக்கும் இரண்டு தொடுமுனைகள் உண்டு, ஒன்று அடியில், ஒன்று பக்கத்தில் என்பது அப்போதுதான் கைவழியாக மனதுக்குப் போகிறது. அதே மூன்று பொருளை வைத்து வேறு எத்தனை விதமாக எரிய வைக்கலாம் என்று கேட்டால் மொத்தம் நான்கு வழிகளையும் அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள்.

ஆனால் பொருளைக் கையில் கொடுத்துவிட்டாலே அறிவியல் வந்துவிடும் என்று நான் நினைக்கவில்லை. பிள்ளைகள் மும்முரமாக இருப்பார்கள், வகுப்பு கலகலப்பாக இருக்கும். மறுநாள் கேட்டால் "ஜாலியா இருந்துச்சு" என்பதைத் தவிர ஒன்றும் மிஞ்சாது. செய்வதற்கு முன்னால் ஒரு கணிப்பு, செய்து முடித்தபின் ஒரு நல்ல பேச்சு. இந்த இரண்டும் இருந்தால்தான் நடுவில் கை செய்த வேலை அறிவாகிறது. கீழே உள்ள ஒவ்வொரு படியும் இதை ஒட்டியே எழுதியது. 11 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகள், 40 பேர் வரை உள்ள வகுப்பு, 45 நிமிடப் பாடவேளை, தனி ஆய்வகம் கிடையாது. இந்த நிலையை மனதில் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

படி 1: விளக்கத்தைப் பின்னுக்குத் தள்ளுங்கள்

பெரும்பாலும் நாம் பாடத்தை விளக்குகிறோம், விதியை எழுதிப் போடுகிறோம், அப்புறம் "சரிபார்ப்பதற்காக" ஒரு சோதனை செய்கிறோம். விடை முன்பே தெரிந்துவிட்டதால், வந்த அளவை விடைக்கு ஏற்றபடி திருத்தி எழுதுவதற்குத்தான் பிள்ளைகள் பழகுகிறார்கள். நேர்மையாகப் பார்ப்பதைக் கற்றுத்தர வேண்டிய இடத்தில் அதற்கு நேர்மாறானதைக் கற்றுத்தருகிறோம்.

1960-களில் கலிபோர்னியா பல்கலைக்கழக இயற்பியலாளர் ராபர்ட் கார்ப்ளஸ் பள்ளி அறிவியலுக்காக வகுத்த கற்றல் சுழற்சி இந்த வரிசையைத் திருப்பிப் போட்டது. முதலில் பிள்ளைகள் பொருளோடு புழங்க வேண்டும். அதில் அவர்கள் கண்டதற்கு ஆசிரியர் பெயரும் கருத்தும் தர வேண்டும். பிறகு அந்தக் கருத்தை அவர்கள் புதிய இடத்தில் பயன்படுத்திப் பார்க்க வேண்டும். இந்த மூன்றடுக்கு வரிசையை மட்டும் மாற்றாமல் பிடித்துக்கொண்டால் மற்ற எதையும் உங்கள் வசதிக்கு மாற்றிக்கொள்ளலாம்.

படி 2: அளக்கக்கூடிய கேள்வியாகத் தேர்ந்தெடுங்கள்

நல்ல கேள்விக்கு மூன்று அடையாளங்கள் சொல்வேன். இருபது நிமிடத்தில் விடை தேட முடிய வேண்டும். விடை எண்ணாகவோ தெளிவான மாற்றமாகவோ வர வேண்டும். முக்கியமாக, செய்வதற்கு முன் வகுப்பில் ஒன்றுக்கு மேற்பட்ட கருத்துகள் இருக்க வேண்டும். எல்லோருக்கும் விடை தெரிந்த கேள்விக்குச் சோதனை தேவையில்லை.

அறிவியல் கண்காட்சிகளில் வழக்கமாக வரும் எரிமலையை எடுத்துக்கொள்வோம். சமையல் சோடாவில் வினிகரை ஊற்றினால் நுரை பொங்குகிறது, எல்லோரும் கைதட்டுகிறார்கள். அதில் அளக்க எதுவும் இல்லை, கணிக்கவும் எதுவும் இல்லை. அதையே இப்படி மாற்றுங்கள். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு பாட்டில், அதில் 50 மில்லி வினிகர். பாட்டிலின் வாயில் மாட்டும் பலூனுக்குள் ஒரு குழுவுக்கு 1 கிராம் சோடா, அடுத்த குழுவுக்கு 2 கிராம், இப்படியே 6 கிராம் வரை. "யாருடைய பலூன் பெரிதாக ஊதும்?" என்று கேளுங்கள். 6 கிராம் என்றுதான் பலர் சொல்வார்கள். பலூன்களை நிமிர்த்தி சோடாவைக் கொட்டினால், சாதாரண 5 சதவீத வினிகருக்கு, 3 அல்லது 4 கிராமோடு பலூன் வளர்வது நின்றுவிடும். 5-க்கும் 6-க்கும் வித்தியாசம் தெரியாது. மீதி சோடா வினைபுரியாமல் அப்படியே தங்கிவிடும். "ஏன் நின்றது? இப்போது எதை இன்னும் கொஞ்சம் சேர்த்தால் மறுபடி ஊதும்?" என்று கேட்டால், ஒரு வேதிவினையில் இரண்டு பொருளும் ஓர் அளவு விகிதத்தில்தான் சேரும் என்ற கருத்துக்கு ஏழாம் வகுப்புப் பிள்ளை தானாக வந்து நிற்கும்.

படி 3: முதல் நாளே நீங்கள் செய்து பாருங்கள்

பிள்ளைகளுக்குத் தரப்போகும் அதே பொருளை வைத்துச் செய்யுங்கள். எனக்குத் தெரியும், இந்தச் சோதனையைப் பல வருடமாகச் செய்திருப்பீர்கள். ஆனாலும் இந்த முறை வாங்கிய வினிகர் நீர்த்திருக்கலாம், மின்கலம் தீர்ந்துபோயிருக்கலாம், காந்தம் வலுவிழந்திருக்கலாம். சோதனை முடிய எவ்வளவு நேரம் ஆகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பழக்கமில்லாத கைகளுக்கு அதைப்போல இரண்டு மடங்கு, சில வேளை மூன்று மடங்கு நேரம் ஆகும். 45 நிமிடத்தில் அடங்காது என்று தெரிந்தால் சோதனையைக் குறையுங்கள், கடைசியில் வரும் பேச்சில் கைவைக்காதீர்கள்.

படி 4: தட்டு, குழு, வேலைப் பங்கீடு

நான்கு பேர் ஒரு குழு. ஐந்தாவது ஆள் வந்தால் அவர் வேடிக்கை பார்ப்பவராகிவிடுகிறார். ஒவ்வொரு குழுவுக்கும் எண் போட்ட ஒரு தட்டு. தட்டில் என்னென்ன இருக்க வேண்டும் என்று ஒரு சிறு அட்டை ஒட்டிவிடுங்கள். எடுத்துப் போகும்போதும் திருப்பித் தரும்போதும் அவர்களே சரிபார்த்துக்கொள்வார்கள்.

குழுவுக்குள் நான்கு வேலைகள்: பொருள் எடுத்து வந்து திருப்பிக் கொடுப்பவர், கருவியைக் கையாள்பவர், அளப்பவர், எழுதுபவர். இதை வாரந்தோறும் சுழற்றியே ஆக வேண்டும். சுழற்றாவிட்டால் என்ன நடக்கும் என்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். கையெழுத்து அழகாக உள்ள பெண் வருடம் முழுக்க எழுதிக்கொண்டே இருப்பாள், முந்திக்கொள்ளும் பையன் வருடம் முழுக்கக் கருவியைப் பிடித்திருப்பான். பேசாத பிள்ளை எந்த வேலையும் இல்லாமல் மூன்று வருடத்தைக் கடத்திவிடும். இன்று யாருக்கு எந்த வேலை என்பதைக் கரும்பலகையில் நீங்களே எழுதிவிடுவது நல்லது. குழுவிடம் விட்டால் பழைய பழக்கத்துக்கே போய்விடும்.

இன்னொன்று, சொல்ல வேண்டியது எல்லாவற்றையும் தட்டு போவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். பொருள் கைக்கு வந்தபின் யார் காதிலும் எதுவும் ஏறாது. அதற்குப் பிறகு வகுப்பை நிறுத்த ஓர் அடையாளம் வேண்டும். கையை உயர்த்தினால் எல்லோரும் கையிலிருப்பதைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்க்க வேண்டும் என்பதை முதல் வாரமே பழக்கிவிடுங்கள். பாதுகாப்புக்கும் அதுதான் துணை.

படி 5: ஒரு முழு வகுப்பு, ஊசலை வைத்து

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஒரு வகுப்பை எப்படி நகர்த்துவது என்பதற்கு ஊசலைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. நூல், இரும்பு வாஷர் நான்கைந்து, வாஷரை மாட்ட வளைத்த ஒரு கிளிப், ஒட்டுநாடா, அளவுகோல், விநாடி காட்டும் கடிகாரம். இவ்வளவுதான் தட்டில்.

முதல் ஐந்து நிமிடம், கணிப்பு. மேசை விளிம்பில் ஓர் ஊசலைக் கட்டி ஆட்டிக் காட்டுங்கள். "இது இன்னும் சீக்கிரமாக ஆட வேண்டும். எதை மாற்றலாம்?" பிள்ளைகள் சொல்வதை எல்லாம் எழுதுங்கள். கடைசியில் மூன்று நிற்கும்: தொங்கும் கனம், எவ்வளவு தள்ளி இழுத்து விடுகிறோம் என்பது, நூலின் நீளம். இப்போது ஒவ்வொருவரும் தன் நோட்டில் எது மாற்றம் தரும், எது தராது, ஏன் என்று எழுத வேண்டும். எழுதாமல் கை தூக்கச் சொன்னால் பக்கத்தில் உள்ளவரைப் பார்த்துத்தான் தூக்குவார்கள். எழுதிய பிறகு கை தூக்கச் சொல்லி, மூன்றுக்கும் எத்தனை பேர் என்று கரும்பலகையின் மூலையில் குறித்துவிடுங்கள். கனத்துக்கு நிறையக் கைகள் உயரும். யார் சரி, யார் தவறு என்று முகத்தில்கூடக் காட்ட வேண்டாம்.

அடுத்து, எப்படிச் சோதிப்பது என்று அவர்களிடமே கேளுங்கள். "கனத்தையும் நீளத்தையும் ஒரே நேரத்தில் மாற்றிவிட்டால்?" என்ற ஒரு கேள்வி போதும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும் என்பதை அவர்களே சொல்லிவிடுவார்கள். மாறி, கட்டுப்பாட்டு மாறி என்ற சொற்களை அப்புறம் கொடுத்துக்கொள்ளலாம். ஓர் ஆட்டத்தை மட்டும் அளந்தால் கடிகாரத்தை அழுத்தும் கை சுமார் 0.2 விநாடி முன்பின் ஆகும், அது பெரிய பிழை. பத்து ஆட்டத்தை அளந்து பத்தால் வகுத்தால் அதே பிழை பத்தில் ஒன்றாகிவிடும். எனவே எல்லாக் குழுவும் பத்து ஆட்ட நேரத்தை மூன்று முறை அளக்கட்டும்.

அடுத்த இருபது நிமிடம் குழுக்களுக்கு உரியது. இங்கே மூன்று தவறுகள் கட்டாயம் வரும், எதிர்பார்த்து நில்லுங்கள்.

முதலாவது, எண்ணும் தவறு. ஊசலை விடும்போதே "ஒன்று" என்று தொடங்குவார்கள். பத்து என்று சொல்லும்போது ஒன்பது ஆட்டம்தான் முடிந்திருக்கும், நேரம் பத்து சதவீதம் குறைந்துவிடும். விடும்போது "பூஜ்யம்" என்று சொல்லப் பழக்குங்கள். போய்த் திரும்பி வந்தால்தான் ஓர் ஆட்டம் என்பதையும் செய்து காட்டிவிடுங்கள்.

இரண்டாவது நுட்பமானது. கனத்தைக் கூட்ட வாஷர்களை ஒன்றன்கீழ் ஒன்றாகக் கட்டிக்கொண்டே போவார்கள். அப்படிச் செய்தால் கனத்தோடு ஊசலின் நீளமும் கூடுகிறது, அதனால் மெதுவாக ஆடுகிறது. "கனம் கூடினால் மெதுவாக ஆடும்" என்ற முடிவுக்கு அவர்கள் நேர்மையாகவே வந்துவிடுவார்கள். எல்லா வாஷரையும் ஒரே கிளிப்பில் ஒன்றாக மாட்ட வேண்டும். நீளத்தைக் கட்டிய இடத்திலிருந்து வாஷரின் நடுப்பகுதி வரை அளக்க வேண்டும். இதை முன்கூட்டியே சொல்லிவிடலாமா என்றால், நான் சொல்வதில்லை. ஒரு குழு அப்படிக் கட்டி, இன்னொரு குழு ஒன்றாக மாட்டி, இரண்டு பேருக்கும் வேறு வேறு விடை வந்தால், "ஏன் உங்களுக்கு மட்டும் மாறுகிறது?" என்ற வாக்குவாதத்தில் கிடைக்கும் பாடத்தை நான் எத்தனை முறை சொன்னாலும் தர முடியாது.

மூன்றாவதை நான் தவறு என்று சொல்லவே மாட்டேன். ஒரு குழு ஊசலை 60 பாகை அளவுக்கு உயர்த்தி விட்டு, "சார், தூரமாக இழுத்து விட்டால் நேரம் கூடுகிறது" என்று வந்து நிற்கும். பாடத்தில் அலைவுநேரம் (ஓர் ஆட்டத்துக்கு ஆகும் நேரம்) வீச்சைச் (எவ்வளவு தள்ளி இழுத்து விடுகிறோம் என்பதை) சார்ந்ததல்ல என்று இருக்கும். ஆனால் அந்தக் குழு சொல்வது சரி. 20 பாகைக்குள் மாற்றம் ஒரு சதவீதத்துக்கும் குறைவு, கையால் அளந்தால் தெரியாது. 60 பாகையில் அது 7 சதவீதம் வரை போகும், பத்து ஆட்டத்தில் ஒரு விநாடிக்கு நெருக்கமான வித்தியாசம். வீச்சு எதுவானாலும் நேரம் ஒன்றே என்று கலிலியோவே நம்பினார். 1656-இல் ஊசல் கடிகாரம் செய்த கிறிஸ்டியான் ஹைகன்ஸ்தான் பெரிய வீச்சில் அது முழுச் சரியல்ல என்று கணக்கிட்டுக் காட்டினார். இதை அந்தக் குழுவிடம் சொல்லுங்கள். "புத்தகத்தில் அப்படி இல்லையே" என்று நீங்கள் தட்டிக்கழித்திருந்தால் என்ன இழந்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

இந்த இருபது நிமிடமும் உங்கள் வேலை நடப்பது, பார்ப்பது, கேட்பது. "சரியாக வருகிறதா?" என்று கேட்காதீர்கள், ஆமாம் என்றுதான் பதில் வரும். "இப்போது எதை மாற்றுகிறீர்கள்? எதை மாற்றாமல் வைத்திருக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். அளவுகோலைப் பிடுங்கி நீங்களே அளந்து காட்டும் ஆசை வரும், அடக்கிக்கொள்ளுங்கள்.

பிறகு தட்டுகள் திரும்பி வரட்டும், கைகள் காலியாகட்டும். கரும்பலகையில் ஒரே அட்டவணை, எல்லாக் குழுவின் எண்களும் அதில். நீளம் 15 செ.மீ. என்றால் பத்து ஆட்டத்துக்கு 7.8 விநாடிக்கு அருகில் வரும். 30 செ.மீ.க்கு 11, 60 செ.மீ.க்கு 15.5. ஒரு குழுவின் எண் மட்டும் விலகி நின்றால் அழித்துவிடாதீர்கள். அந்தக் குழுவே மறுபடி அளந்து காரணம் சொல்லட்டும். அநேகமாக "பூஜ்யம்" சொல்லாமல் எண்ணியிருப்பார்கள்.

மூன்று புள்ளிகளையும் வரைபடத்தாளில் குறிக்கச் சொல்லுங்கள். கோடு நேராக வராது, வளையும். நீளம் இரண்டு மடங்கானால் நேரம் இரண்டு மடங்காகவில்லை, நான்கு மடங்கானால்தான் இரண்டு மடங்காகிறது என்பதை 15-ஐயும் 60-ஐயும் பார்த்து யாராவது ஒருவர் சொல்லிவிடுவார். வர்க்கமூலம் என்ற சொல் இப்போது தேவையில்லை. அதற்குப் பதில், வளைகோட்டிலிருந்து 45 செ.மீ.க்கு நேரம் எவ்வளவு என்று படித்து எழுதச் சொல்லுங்கள். எழுதிய பிறகு ஒரு குழு முன்னால் வந்து 45 செ.மீ. ஊசலைக் கட்டி அளக்கட்டும். 13.5-ஐ ஒட்டி வரும். இதுவரை யாரும் அளக்காத ஒன்றை ஒரு கோடு முன்கூட்டியே சொல்லிவிட்டது என்று பார்க்கும்போது வகுப்பு முழுக்க அமைதியாகிவிடும். எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்த நிமிடம் அது.

கடைசியாக மூலையில் குறித்து வைத்த கைக் கணக்குக்குத் திரும்புங்கள். கனம் என்று சொன்னவர்கள் தங்கள் கணிப்பின் கீழே, கண்டது என்ன, இப்போது என்ன நினைக்கிறேன் என்று இரண்டு வரி எழுதட்டும். பழைய கணிப்பை அடிக்கக் கூடாது.

படி 6: கேட்டுவிட்டுக் காத்திருங்கள்

ஆசிரியர் கேள்வி கேட்டபின் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார் என்பதை அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ 1970-களில் அறிவியல் வகுப்புகளில் அளந்தார். சராசரியாக ஒரு விநாடிதான். அதற்குள் பதில் வராவிட்டால் வேறு ஒருவரிடம் போகிறோம், அல்லது நாமே சொல்லிவிடுகிறோம். மூன்று விநாடிக்கு மேல் காத்திருந்த வகுப்புகளில் பதில்கள் நீண்டன, பேசாத பிள்ளைகள் பேசத் தொடங்கினார்கள், பிள்ளைகளே கேள்வி கேட்பதும் கூடியது. மனதுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணிப் பாருங்கள், எவ்வளவு நீளமாகத் தெரிகிறது என்று புரியும். பதில் வந்தபிறகும் உடனே "வெரி குட்" சொல்லாமல் இன்னொரு மூன்று விநாடி. அந்த இடைவெளியில்தான் "இல்ல டீச்சர், எனக்கு வேற மாதிரி வந்துச்சு" என்று ஒரு குரல் எழும்.

படி 7: காலங்காலமாகச் சொல்லிவரும் விளக்கத்தையும் சோதியுங்கள்

தட்டில் கொஞ்சம் தண்ணீர், நடுவில் எரியும் மெழுகுவர்த்தி, அதன்மேல் ஒரு கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்தால் சுடர் அணைந்து தண்ணீர் உள்ளே ஏறும். "ஆக்ஸிஜன் தீர்ந்தது, அந்த இடத்தைத் தண்ணீர் நிரப்பியது, காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்ஸிஜன்" என்று சொல்லி முடிப்பது வழக்கம். நானும் சில ஆண்டுகள் அப்படியே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஒரு மாணவி "இரண்டு மெழுகுவர்த்தி வைத்தால்?" என்று கேட்டாள். வைத்தோம். தண்ணீர் இன்னும் உயரமாக ஏறியது. டம்ளர் அதேதான், உள்ளே இருந்த ஆக்ஸிஜனும் அதே அளவுதான். அப்படியானால் ஏன்?

அதன்பிறகு அந்தச் சோதனையை நான் வேறு மாதிரி நடத்துகிறேன். தண்ணீர் எப்போது ஏறுகிறது என்று பிள்ளைகளை உன்னிப்பாகப் பார்க்கச் சொல்வேன். சுடர் எரிந்துகொண்டிருக்கும்போது மெல்லத்தான் ஏறும், சில வேளை ஏறவே செய்யாது. அணைந்த உடனே விறுவிறுவென்று ஏறும். டம்ளரைக் கவிழ்க்கும் நேரத்தில் விளிம்பில் குமிழிகள் வெளியேறுவதையும் யாராவது பார்த்துவிடுவார்கள். சுடரின் சூட்டில் காற்று விரிகிறது, கொஞ்சம் வெளியேறுகிறது. சுடர் அணைந்ததும் உள்ளே இருக்கும் காற்று குளிர்ந்து சுருங்குகிறது, வெளிக்காற்றின் அழுத்தம் தண்ணீரை உள்ளே தள்ளுகிறது. மெழுகுவர்த்தி கூடினால் சூடும் கூடுகிறது. ஆக்ஸிஜன் முழுவதும் தீர்வதற்கு முன்பே சுடர் அணைந்துவிடுகிறது என்பதும் உண்மை. அது எரிந்த இடத்தில் கார்பன் டை ஆக்ஸைடும் நீராவியும் உண்டாகின்றன என்பதையும் சேர்த்துச் சொல்லலாம்.

மைக்கேல் ஃபாரடே 1860-61-ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் காலத்தில் லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் இளையோருக்காக ஆறு உரைகள் நிகழ்த்தினார். ஆறும் ஒரே ஒரு மெழுகுவர்த்தியைப் பற்றியவை. வாரம் ஒரு புதுச் சோதனை என்று ஓடுவதைவிட ஒரே பொருளிடம் நான்கு முறை திரும்பி வருவது பலன் தரும் என்று நான் நம்புவதற்கு அதுவும் ஒரு காரணம்.

படி 8: நாள் எடுக்கும் சோதனைகள்

விதை முளைப்பது போன்றவற்றுக்கு ஒரு வாரம், பத்து நாள் ஆகும். இரண்டு விஷயம் கவனித்தால் போதும். ஒவ்வொரு நிலைக்கும் ஒரு விதை வைக்காதீர்கள், பத்து வையுங்கள். ஒன்று சொத்தையாக இருந்தால் சோதனையே பொய்யாகிவிடும். தினமும் உயரத்தை அளந்து எழுத ஆள் குறித்துவிடுங்கள், விடுமுறை நாளையும் கணக்கில் எடுத்துத் தொடக்க நாளை முடிவு செய்யுங்கள். வெளிச்சத்தில் வைத்ததும் இருட்டில் வைத்ததும் எது உயரமாக வளரும் என்று கணிக்கச் சொன்னால் வெளிச்சம் என்றே சொல்வார்கள். இருட்டில் வைத்த நாற்று வெளுத்து, மெலிந்து, ஆனால் உயரமாக நிற்கும்! "உயரம் என்றால் ஆரோக்கியமா?" என்ற கேள்விக்கு ஒரு பாடவேளை ஒதுக்குங்கள்.

படி 9: பாதுகாப்பு

இதில் சுருக்கமாகவும் கறாராகவும் இருக்கிறேன்.

- வீட்டு மின்சாரம் எந்தச் சோதனையிலும் வேண்டாம். மின்கலம் மட்டும்.
- கம்பியால் மின்கலத்தின் இரு முனையையும் நேரடியாக இணைத்தால் கம்பியும் மின்கலமும் சுடும். "சூடானால் உடனே விடு" என்று முன்பே சொல்லுங்கள். சாதாரண துத்தநாக-கார்பன் மின்கலம் போதும், அதில் பாயும் மின்னோட்டம் குறைவு. போனில் உள்ளது போன்ற லித்தியம் பேட்டரிகளைக் கொண்டுவரவே கூடாது.
- பொத்தான் வடிவ மின்கலத்தை விழுங்கினால் உணவுக்குழாய் புண்ணாகி உயிருக்கே ஆபத்தாகலாம். எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குங்கள்.
- நெருப்புச் சோதனை என்றால் தலைமுடி கட்டியிருக்க வேண்டும், தொங்கும் துணி செருகியிருக்க வேண்டும், வாளியில் தண்ணீர் அருகில் இருக்க வேண்டும். ஸ்பிரிட் போன்ற எரியும் திரவத்தைச் சுடருக்கு அருகே பாட்டிலிலிருந்து ஊற்றவே கூடாது.
- ப்ளீச்சை வினிகரோடு கலந்தால் குளோரின் வாயு வரும். வீட்டில் கிடைக்கும் பொருள் என்பதாலேயே ஆபத்தில்லாதது என்று நினைக்க வேண்டாம்.
- லென்ஸ் வழியாகச் சூரியனைப் பார்க்கக் கூடாது. பாதரச வெப்பமானி வேண்டாம். எதையும் ருசிக்கக் கூடாது.
- சுட்டுக்கொண்டால் ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். கண்ணில் ஏதாவது தெறித்தால் நிறையத் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவி மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

சொல்லும்போது ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்லுங்கள். காரணம் தெரிந்த பிள்ளை, நீங்கள் பக்கத்தில் இல்லாத இடத்திலும் கவனமாக இருக்கும்.

படி 10: நோட்டும் மதிப்பெண்ணும்

நோக்கம், தேவையான பொருள்கள், செய்முறை, முடிவு என்று கரும்பலகையிலிருந்து நகலெடுக்கும் நோட்டு வேண்டாம். நான்கு கேள்விகள் போதும்: என்ன நடக்கும் என்று நினைத்தேன், என்ன செய்தேன், என்ன கண்டேன், இப்போது என்ன நினைக்கிறேன். எழுத்துப் பிழையோடு, அடித்தல் திருத்தலோடு இருக்கும் நோட்டில்தான் பிள்ளை யோசித்த தடம் தெரியும். "என்ன கண்டேன்" பகுதியில் காரணத்தைக் கலக்காமல் எழுதுவது இந்த வயதில் கடினம். "ஆக்ஸிஜன் தீர்ந்ததால் தண்ணீர் ஏறியது" என்பதில் கண்ணால் பார்த்தது எது, ஊகித்தது எது என்று பிரித்துக் காட்டுங்கள்.

தேர்வில் மனப்பாடத்தை மட்டும் கேட்டால், இத்தனையும் வீண் வேலை என்று பிள்ளைகள் முடிவுகட்டிவிடுவார்கள். 1972-இல் மத்தியப் பிரதேசத்தின் ஹோசங்காபாத் மாவட்டத்தில் 16 நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கி 2002 வரை நடந்த அறிவியல் கற்பித்தல் திட்டம் இதைச் சரியாகப் புரிந்துகொண்டிருந்தது. புத்தகத்தைத் திறந்து வைத்து எழுதும் தேர்வும் செய்முறைத் தேர்வும் அதில் இருந்தன. முழுத் தேர்வை மாற்ற உங்களால் முடியாவிட்டாலும், ஒரு அலகுத் தேர்வில் ஒரு கேள்வியை மாற்றலாம். ஊசல் பாடத்துக்கு நான் வைக்கும் கேள்வி: "சரியாக ஒரு விநாடியில் ஓர் ஆட்டம் முடிக்கும் ஊசலைச் செய்து காட்டுங்கள். எப்படி முடிவு செய்தீர்கள் என்று எழுதுங்கள்." தன் வரைபடத்தில் பத்து ஆட்டத்துக்கு 10 விநாடி என்ற இடத்தைத் தேடி, 25 செ.மீ. என்று படித்து, கட்டி, அளந்து காட்டும் பிள்ளைக்கு முழு மதிப்பெண். நீளத்தைக் கூட்டியும் குறைத்தும் பார்த்தே அங்கே வந்து சேர்ந்த பிள்ளைக்கும் நல்ல மதிப்பெண் கொடுங்கள், ஒவ்வொரு முயற்சியையும் எழுதி வைத்திருந்தால்.

படி 11: மிஞ்சிய கேள்விகளுக்கு ஒரு பெட்டி

ஒவ்வொரு சோதனையும் முடிந்தபின் விடை தெரியாத கேள்விகள் மிஞ்சும். வகுப்பின் ஓரத்தில் ஒரு பெட்டி வைத்து, சீட்டில் எழுதிப் போடச் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை பிரித்து, நம்மிடம் இருக்கும் பொருளை வைத்து எதைச் சோதிக்க முடியும் என்று வகுப்போடு சேர்ந்து முடிவு செய்யுங்கள். ஊசல் வாரத்தில் அந்தப் பெட்டியில் வந்த ஒரு சீட்டு: "நூலுக்குப் பதில் ரப்பர் பேண்டில் கட்டினால் கனம் மாறும்போது நேரமும் மாறுமா?" விடையைச் சொல்லிவிடாதீர்கள். திங்கட்கிழமை ஒரு தட்டில் நான்கைந்து ரப்பர் பேண்டும் அதே வாஷர்களும் வைத்து, எழுதிய பிள்ளையின் குழுவிடமே கொடுத்துவிடுங்கள். முதலில் கணிப்பை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.